பிழை நேர்ந்தால் விடை தருவது யார்?



பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் செல்ல விரும்பும் தமிழர் ஒருவர், மும்பையிலோ கொல்கத்தாவிலோ தில்லியிலோ இருந்தபடி, இரயில் பயணச் சீட்டுக்காகக் கைபேசியை எடுக்கிறார். பெயர், வயது, வண்டி எண், நாள் ஆகிய அனைத்தையும் நிரப்புகிறார். வங்கிக் கணக்கிலிருந்து பணமும் கழிந்துவிடுகிறது. அடுத்த கணம் திரையில் தோன்றுவது பயணச் சீட்டன்று; 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது; பிறகு முயலவும்' என்னும் ஒற்றை வரியே. நேர்ந்த தவறு யாது, அது யாருடைய தவறு, பணம் திரும்புமா, மீண்டும் முயலலாமா? இந்நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் அவ்வரியில் விடை இல்லை.

இந்திய இரயில்வேயின் பயணச் சீட்டை இணையத்தின் வழியே பெறும் வசதி 2002-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்குப் பின்னர் ஓய்வூதியரின் வாழ்வுச் சான்று, மாணவரின் உதவித்தொகை விண்ணப்பம், எரிவாயு உருளை, வங்கிக் கணக்கு எனப் பல காரியங்கள் திரைக்கு வந்துவிட்டன. சொந்த ஊரில் வாழ்பவர்க்கு ஐயம் எழுந்தால், அலுவலகத்திற்கு நடந்து சென்று கேட்டுவிடலாம். ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் நமக்கோ, ஊர்க் காரியங்கள் பலவற்றிற்கு அந்தத் திரையே அலுவலகம். அதில் வரும் வரியே அதிகாரியின் வாய்மொழி. அவ்வரி தெளிவற்றதாக இருப்பின், இழப்பு நமக்கே மிகுதி.

அவ்வரி எங்கே பிறக்கிறது, அதனைச் செம்மையாக அமைக்கும் முறை யாது என்பதை இப்பேச்சில் காண்போம். இது கணிப்பொறி வல்லுநர்க்கு மட்டுமே உரிய பொருள் எனத் தோன்றலாம். ஆயினும், பெங்களூரிலும் ஐதராபாதிலும் புனேயிலும் நம் பிள்ளைகள் பலர் இத்தொழிலையே செய்கின்றனர். எஞ்சிய நாம் அனைவரும் அவர்களைப் போன்றோர் எழுதும் நிரல்களின் வாயிலாகவே நம் காரியங்களை முடித்துக்கொள்கிறோம். ஆகவே, எழுதுவோர்க்கும் பயன்படுத்துவோர்க்கும் இது பொதுவான செய்தியே.

முன்மேசையில் இருப்பவர்

வலைப் பயன்பாடு ஒன்றை ஓர் அலுவலகத்திற்கு ஒப்பிடலாம். நாம் பொத்தானை அழுத்தியதும், நம் உலாவி ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. அதன் முகவரியைப் பார்த்து உரிய பிரிவிற்கு அனுப்புவது தபால் மேசையின் வேலை. அப்பிரிவின் முன்மேசையில் அமர்ந்து, மனுவைப் பெற்று, விவரங்கள் முறையாக உள்ளனவா எனப் பார்த்து, உள்ளே இருப்பவரிடம் கொடுத்து, அவர் தரும் முடிவை மனுதாரர்க்குத் தெரிவிப்பவர் ஒருவர் உண்டல்லவா? வலைப் பயன்பாட்டில் அவரே 'கன்ட்ரோலர்', அதாவது கட்டுப்படுத்தி. உள்ளே உண்மையான கணக்கைப் போடுவது சேவைப் பகுதி. அதற்கும் உள்ளே ஆவண அறை போன்று இருப்பது தரவுத்தளம்.

இப்பெயரை நிரலுலகிற்கு அளித்தவர் நார்வே நாட்டினரான ட்ரிக்வே ரீன்ஸ்காக் என்பவர். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1979-ஆம் ஆண்டில், நிரலொன்றை மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என மூன்று கூறுகளாகப் பகுக்கும் முறையை அவர் வகுத்தார். அந்நாளில் கட்டுப்படுத்தியின் வேலை, விசைப்பலகையிலும் சுட்டியிலும் மனிதர் செய்வதை வாங்கி உள்ளே சொல்வதாக இருந்தது. வலையுலகில் அதே பெயர் வேண்டுகோளை வாங்கி விடையளிக்கும் பகுதிக்கு வழங்கலாயிற்று. இடம் மாறினும் இயல்பு மாறவில்லை: வெளியுலகிற்கும் உள்வேலைக்கும் இடையே நிற்பது கட்டுப்படுத்தியே. எனவே, உள்ளே ஏதேனும் கெட்டால் வெளியே இருப்பவர்க்கு என்ன சொல்வது என்னும் பொறுப்பும் அந்த வாசலுக்கே வந்து சேர்கிறது.

விதிவிலக்கு என்பது யாது?

நிரல் என்பது விதிகளின் தொகுதி. வண்டி எண்ணைப் பார், இருக்கை உண்டா என நோக்கு, பணத்தைப் பெறு, சீட்டை எழுது என வரிசையாக விதிகள் அமைந்திருக்கும். ஆனால், அத்தகைய எண்ணில் வண்டியே இல்லை. அல்லது கடைசி இருக்கையை ஒரே கணத்தில் இருவர் கேட்டனர். அல்லது தரவுத்தளத்துடன் தொடர்பு அறுந்தது. இவ்வாறு, விதிவழி மேற்செல்ல இயலாத நிலை எழுவதையே நிரலாசிரியர் 'எக்ஸெப்ஷன்' என்பர். தமிழில் விதிவிலக்கு எனலாம்.

முற்காலத்து நிரல்களில், கீழே வேலை செய்யும் பகுதி தன் முடிவை ஓர் எண்ணாகத் திருப்பித் தரும். சுழியம் எனில் நலம், வேறு எண் எனில் கேடு. மேலே இருப்பவர் ஒவ்வொரு முறையும் அவ்வெண்ணை நோக்க வேண்டும். நோக்க மறந்தால் கேடு நேர்ந்தது தெரியாமலேயே வேலை தொடரும். இக்குறையைப் போக்க வழிகள் தேடப்பட்டன. 1960-களில் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய பி.எல்.ஒன் மொழி, இன்ன நிலை எழுந்தால் இன்னது செய்க என முன்கூட்டியே எழுதி வைக்க இடம் தந்தது. 1975-ஆம் ஆண்டில் ஜான் குடினஃப் என்பவர் விதிவிலக்கைக் கையாள்வதன் சிக்கல்களை ஆராய்ந்து கட்டுரையொன்று வெளியிட்டார். மின்கல ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் அதே பெயர் கொண்ட வேறொருவர். 1995-இல் அறிமுகமான ஜாவா உள்ளிட்ட மொழிகளில் இம்முறை அன்றாட வழக்காயிற்று.

இம்முறையின் செயற்பாடு எளிது. கீழ்நிலையில் இருக்கும் பகுதி தன்னால் தீர்க்க முடியாத நிலையைக் கண்டால், விதிவிலக்கு ஒன்றை 'எறிகிறது'. அது தன்னை அழைத்தவரிடம் செல்கிறது; அவர் அதைப் 'பிடிக்க' ஆயத்தமாக இல்லையெனில் அவரை அழைத்தவரிடம் செல்கிறது. இவ்வாறு படிப்படியாக மேலேறி, பிடிப்பவர் ஒருவரைக் காணும் வரை அது நிற்பதில்லை. ஒருவருமே பிடிக்காவிடில், அந்த வேலையே முறிந்து விழுகிறது. பார்க்க மறந்தால் மறைந்துபோகும் எண்ணைப் போன்றதன்று இது. பிடிக்க மறந்தால் வெடித்தே தீரும். மறதியை மறைய விடாமல் செய்வதே இதன் சிறப்பு.

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இக்கருத்து புதிதன்று. இலக்கண நூலார் ஓர் இயலின் விதிகளையெல்லாம் கூறி முடித்தபின், அவற்றுள் அடங்காது எஞ்சி நிற்பவற்றையும் ஏற்ற முறையில் அமைத்துக்கொள்க என ஒரு சூத்திரம் வைப்பர். அதற்குப் புறனடை என்று பெயர். தொல்காப்பிய எழுத்ததிகாரம் இத்தகைய புறனடைச் சூத்திரத்துடனேயே முடிகிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்னும் அடக்கமும், சொல்லாததையும் அநாதையாக விடக்கூடாது என்னும் பொறுப்பும் அதில் ஒருங்கே உள்ளன. நிரலாசிரியர்க்கும் இவ்விரண்டும் வேண்டும்.

பிடிப்பார் இல்லாத விதிவிலக்கு

பிடிக்கப்படாத விதிவிலக்கு எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு வலையுலகிற்கு அப்பாற்பட்ட ஒரு நிகழ்ச்சியே தெளிவான சான்றாகும். 1996 சூன் 4 அன்று, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவுகணை தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. அதனுள் கிளஸ்டர் என்னும் நான்கு அறிவியல் துணைக்கோள்கள் இருந்தன. ஏறத்தாழ 40 வினாடிகளில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், அது திசை மாறிச் சிதறிற்று.

காரணம் மிகச் சிறியது. திசை காட்டும் கருவியின் நிரலில், 64 இருமங்கள் கொண்ட ஓர் எண்ணை 16 இருமங்களுக்குள் அடக்க முயன்றபோது, எண் கொள்ளவில்லை, விதிவிலக்கு எழுந்தது. அந்நிரல் ஏரியன் 4 ஏவுகணைக்கு எழுதப்பட்டது; அதன் வேகத்தில் அவ்வெண் அத்துணை பெரிதாக வளர வாய்ப்பில்லை. அத்தகைய ஏழு எண்களில் நான்கிற்குப் பாதுகாப்பு இருந்தது, இதற்கு இல்லை. மாற்றுக் கருவியிலும் அதே நிரல் இருந்ததால், அதுவும் அதே காரணத்தால் முன்னரே நின்றுவிட்டிருந்தது. இறுதியில், பழுதுற்ற கருவி அனுப்பிய பழுது அறிக்கையை, மையக் கணிப்பொறி உண்மையான பறப்பு விவரம் என்று எண்ணி அதன்படி ஏவுகணையைத் திருப்பியது.

இந்நிகழ்ச்சியில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. எழக்கூடிய விதிவிலக்கிற்குப் பிடிப்பார் ஒருவர் வேண்டும் என்பது ஒன்று. பழுது அறிக்கையானது நல்ல விடை போன்ற தோற்றத்தில் வெளியே செல்லக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவது பாடமே வலைப் பயன்பாடுகளில் அடிக்கடி மறக்கப்படுவது.

மூன்று இலக்கங்களின் மொழி

வலைச் சேவையகம் அனுப்பும் ஒவ்வொரு விடையின் தலைப்பிலும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு. எச்.டி.டி.பி. எனப்படும் வலை மரபின் 1.0 பதிப்பு 1996 மே மாதம் ஆவணமாக வெளிவந்தபோதே இவ்வெண்கள் அதில் வகுக்கப்பட்டிருந்தன. 2022 சூன் மாதம் வெளியான ஆவணம் அவற்றை மீண்டும் ஒழுங்குபடுத்திற்று. முதல் இலக்கமே முதன்மையானது. 2 எனத் தொடங்கினால் காரியம் நிறைவேறியது. 4 எனத் தொடங்கினால் கேட்டவர் பக்கம் திருத்தம் வேண்டும். 5 எனத் தொடங்கினால் குறை அலுவலகத்தின் பக்கம் உள்ளது.

400 எனில் வேண்டுகோளின் வடிவம் சரியில்லை. 401 எனில் நீர் யார் என்பது உறுதியாகவில்லை. 403 எனில் நீர் யார் என்று தெரிந்தாலும் இதற்கு உமக்கு உரிமை இல்லை. 404 எனில் கேட்ட பொருள் இங்கில்லை. 409 எனில் வேறொருவர் செயலுடன் மோதல். கடைசி இருக்கையை மற்றவர் எடுத்துக்கொண்டது இவ்வகை. 422 எனில் வடிவம் சரி, உள்ளடக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. 429 எனில் குறுகிய காலத்தில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர். 500 எனில் உள்ளே எதிர்பாராத பழுது. 503 எனில் இப்போது சேவை இல்லை; எப்போது மீண்டும் வரலாம் என்னும் குறிப்பையும் இதனுடன் அனுப்ப வழியுண்டு. 504 எனில் உள்ளே கேட்ட இடத்திலிருந்து உரிய நேரத்தில் விடை வரவில்லை.

உள்ளே எறியப்பட்ட விதிவிலக்கை நோக்கி, அதற்குரிய எண்ணைத் தேர்வது கட்டுப்படுத்தி வாயிலின் கடமை. இதில் பிழைத்தால் மனிதர் அலைக்கழிவர். வெளி மாநிலத் தமிழர் நன்கு அறிந்த ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நம்மில் பலர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தும் தம் பெயருமே உண்டு. பிற மாநிலத்தில் எழுதப்பட்ட படிவமோ, குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும். மாணவி ஒருத்தி அவ்விடத்தை வெறுமையாக விட்டு உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்புகிறாள் என்று கொள்வோம். கட்டுப்படுத்தி அதனைச் சரிபார்க்காமல் உள்ளே விடுகிறது. தரவுத்தளம், 'இவ்விடம் வெறுமையாக இருக்கக்கூடாது' என்று விதிவிலக்கை எறிகிறது. அதை இன்னதென்று வகைப்படுத்துவார் இல்லாமையால் அது 500 ஆக வெளியே வருகிறது: 'சேவையகத்தில் பழுது, பிறகு முயலவும்.'

அவள் அதை நம்புகிறாள். மாலையில் முயல்கிறாள், மறுநாள் முயல்கிறாள், கடைசி நாளும் கடந்துவிடுகிறது. எத்தனை முறை முயன்றாலும் அவ்விண்ணப்பம் ஒருபோதும் செல்லாது என்பதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. அங்கே 400 அல்லது 422 என்னும் எண்ணும், 'குடும்பப் பெயர் என்னும் இடம் நிரப்பப்படவில்லை. குடும்பப் பெயர் இல்லாதோர் தந்தை பெயரை எழுதலாம்' என்னும் இரு வரிகளும் வந்திருந்தால், இரண்டு நிமிடங்களில் காரியம் முடிந்திருக்கும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்காதிருத்தல் அதனினும் நன்று.

தமிழ் எழுத்தில் பெயரை எழுதும்போது மற்றொரு சிக்கல் எழும். 'திருநாவுக்கரசு' என்னும் பெயரை நாம் எட்டு எழுத்து என்று எண்ணுகிறோம். யூனிகோட் முறையில் அது பதினான்கு குறியீடுகள். யு.டி.எஃப்.-8 என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு குறியீட்டிற்கும் மூன்று பைட் வேண்டுவதால், 42 பைட் இடம் தேவை. நாற்பது பைட் போதும் என்று எண்ணி அமைத்த தரவுத்தளம் இப்பெயரைக் கண்டதும் விதிவிலக்கை எறியும். குறை பெயரில் இல்லை; அளவைத் தீர்மானித்த இடத்தில் உள்ளது. ஆகவே இது 5 என்னும் வகுப்பில் வைத்து, அலுவலகம் தானே திருத்த வேண்டிய பழுது. எது யார் குறை என்பதை நேர்மையாகப் பிரித்துச் சொல்வதே மூன்று இலக்கங்களின் பயன்.

சிலர், பழுது நேர்ந்தபோதும் 200 என்னும் நலக் குறியை அனுப்பி, உள்ளே மட்டும் 'தோல்வி' என்று எழுதிவிடுகின்றனர். அவ்விடையைப் பெறும் மற்றொரு நிரல், எண்ணை மட்டும் பார்த்துக் காரியம் முடிந்ததாகக் கொள்ளும். ஏரியன் ஏவுகணையில் பழுது அறிக்கை பறப்பு விவரமாகக் கொள்ளப்பட்டதை நினைவில் கொண்டால், இதன் ஆபத்து விளங்கும்.

பிடிக்கும் இடம் எது?

விதிவிலக்கை ஒவ்வொரு கட்டுப்படுத்தியிலும் தனித்தனியே பிடிக்கலாம். ஆயின், ஒரு பெரிய பயன்பாட்டில் நூற்றுக்கணக்கான கட்டுப்படுத்திகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே வேலையை ஒவ்வொருவர் தம் போக்கில் எழுதினால், ஒரே குறைக்கு ஓரிடத்தில் 404 என்றும், வேறிடத்தில் 500 என்றும் விடை வரும். ஒரே துறையின் இரு மேசைகள் இரு விதிகள் சொல்வது போன்றது அது.

ஆதலின், பொதுவான இடம் ஒன்றை அமைக்கும் முறை வளர்ந்தது. ஜாவா மொழியில் பெருவழக்காக உள்ள ஸ்பிரிங் என்னும் சட்டகம், 2009-இல் வெளியான 3.0 பதிப்பில், ஒரு கட்டுப்படுத்திக்குள் எழும் விதிவிலக்குகளுக்குத் தனிக் கையாளி எழுத வழி செய்தது. 2012-இல் வந்த 3.2 பதிப்பு, 'கன்ட்ரோலர் அட்வைஸ்' என்னும் பெயரில், எல்லாக் கட்டுப்படுத்திகளுக்கும் பொதுவான ஒரே கையாளியை அமைக்க இடம் தந்தது. லாரவெல், ஜாங்கோ, ஏ.எஸ்.பி. டாட் நெட் கோர் போன்ற பிற சட்டகங்களிலும் இதற்கு ஒத்த வசதிகள் உள்ளன.

இதனால் கட்டுப்படுத்தி தன் நேரான வேலையை மட்டும் தெளிவாகச் செய்கிறது. சேவைப் பகுதி, 'வண்டி இல்லை', 'இருக்கை தீர்ந்தது' எனப் பொருள் பொதிந்த பெயர்களுடன் விதிவிலக்கை எறிகிறது. பொதுக் கையாளி அப்பெயரை நோக்கி, உரிய எண்ணையும் வாசகத்தையும் அமைக்கிறது. சிறப்பு விதி முன்னும் பொது விதி பின்னும் நிற்க வேண்டும் என்பது இங்கும் பொருந்தும். ஜாவா மொழியில் பொதுவான விதிவிலக்கை முதலில் பிடித்து, அதன் வகையான சிறப்பு விதிவிலக்கைப் பின்னர் பிடிக்க முயன்றால், மொழிமாற்றியே அந்நிரலை ஏற்க மறுத்துவிடும்.

எல்லாவற்றிற்கும் இறுதியில், எவ்வகையிலும் அடங்காத விதிவிலக்கைப் பிடிக்க ஒரு கையாளி வேண்டும். அதுவே நிரலின் புறனடை. ஆனால், விதி ஒன்றும் கூறாமல் புறனடை மட்டும் கூறும் நூல் இலக்கணம் ஆகாது. எல்லா விதிவிலக்கையும் அந்த ஒரே கையாளியில் தள்ளி, எல்லோர்க்கும் 'ஏதோ தவறு' என்று விடை சொல்லும் பயன்பாடும் அத்தகையதே.

விழுங்குதலும் கொட்டுதலும்

விதிவிலக்கைக் கையாள்வதில் இரண்டு பெருங்குற்றங்கள் உண்டு. முதலாவது விழுங்குதல். விதிவிலக்கைப் பிடித்துவிட்டு, ஒன்றும் செய்யாமல், எவர்க்கும் சொல்லாமல், எங்கும் பதியாமல் விட்டுவிடுவது அது. மேலே இருப்பவர் காரியம் நிறைவேறியதாக எண்ணுவார். இதன் விளைவு தரவுத்தளத்தில் கொடியது. பல படிகள் கொண்ட ஒரு செயலில், இடையே விதிவிலக்கு எழுந்தால், செய்த படிகளையெல்லாம் பின்வாங்கி, தொடக்க நிலைக்குத் திரும்ப வேண்டும். விதிவிலக்கை இடையிலேயே விழுங்கிவிட்டால், பின்வாங்க வேண்டும் என்பதே தரவுத்தளத்திற்குத் தெரியாது, அரைகுறையானது நிலைபெற்றுவிடும். ஸ்பிரிங் சட்டகத்தில் நுட்பமான இன்னொரு செய்தியும் உண்டு. இயக்க நேர விதிவிலக்குகள் எழுந்தால் மட்டுமே அது தானாகப் பின்வாங்கும். முன்னறிவிப்புடன் எறியப்படும் வகைக்கு, வேறு ஏற்பாடு செய்யாவிடில், பின்வாங்குவதில்லை. இதை அறியாது எழுதிய நிரலில் பாதிச் செயல் பதிவாகிவிடுவது இயல்பே.

இரண்டாவது குற்றம் கொட்டுதல். உள்ளே எழுந்த விதிவிலக்கின் முழு வரலாற்றையும், கோப்புகளின் பெயர், வரி எண், தரவுத்தள அட்டவணையின் பெயர் ஆகியவற்றுடன், அப்படியே திரையில் கொட்டிவிடுவது அது. கேட்டவர்க்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை. திருட நினைப்பவர்க்கோ, வீட்டின் வரைபடத்தையே கையில் கொடுத்தது போலாகும். நுழைவுப் பக்கத்தில் 'இப்பெயரில் கணக்கே இல்லை' என்று ஓரிடத்திலும், 'கடவுச்சொல் தவறு' என்று வேறிடத்திலும் சொல்வதும் இவ்வகைக் கசிவே. யார் யார்க்குக் கணக்கு உண்டு என்பதை அதைக்கொண்டே பிறர் கண்டறிவர். வலைப் பாதுகாப்பை ஆராயும் ஓவாஸ்ப் என்னும் அமைப்பு வெளியிடும் பத்து ஆபத்துகளின் பட்டியலில், விதிவிலக்கான நிலைகளைத் தவறாகக் கையாளுதல் 2025-இல் பத்தாவது இனமாகவே சேர்க்கப்பட்டது.

இரண்டிற்கும் நடுவே செல்லும் வழி எளியது. முழு வரலாறு உள்ளே பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். வெளியே செல்வது உண்மையான, சுருக்கமான விளக்கமும் ஒரு குறிப்பு எண்ணும் மட்டும். அந்த எண்ணைக் கொண்டு கேட்டவரும் அலுவலகமும் ஒரே நிகழ்ச்சியைப் பேச முடியும். இத்தகைய விடைக்கு ஒரு பொது வடிவமும் வகுக்கப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டில் வெளியாகி, 2023-இல் திருத்திய பதிப்பாக வந்த இணையத் தர ஆவணம், குறையின் வகை, தலைப்பு, நிலை எண், விளக்கம், அந்நிகழ்ச்சியின் அடையாளம் என ஐந்து கூறுகளை அதற்கு விதித்திருக்கிறது.

பாதியில் நின்ற செயல்

இனி, பணம் கழிந்து சீட்டு வராத நிலையைக் காண்போம். ஒரே தரவுத்தளத்திற்குள் நிகழும் செயலைப் பின்வாங்குவது எளிது. பணமோ வங்கியில், சீட்டோ வேறு நிறுவனத்தில். வங்கியிடம் கேட்ட நிரலுக்கு உரிய நேரத்தில் விடை வராவிடில், 504 போன்ற நிலை எழும். அது வெற்றியும் அன்று, தோல்வியும் அன்று, தெரியாமை. அதைத் தோல்வி என்று சொல்லிவிட்டால், கேட்டவர் மீண்டும் பொத்தானை அழுத்துவார். பணம் இருமுறை கழியக்கூடும். நல்ல நிரல் 'இன்னும் உறுதியாகவில்லை. மீண்டும் செலுத்த வேண்டா. இக்குறிப்பு எண்ணால் பின்னர் நிலையை அறியலாம்' என்றே சொல்லும். அன்றியும், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி அடையாளம் தந்து, அதே அடையாளத்துடன் வேண்டுகோள் எத்தனை முறை வந்தாலும் ஒருமுறை மட்டுமே பணத்தைப் பெறும்.

இவ்வகைத் தோல்விகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை காலவரம்பு வகுத்தது. அதன்படி, யு.பி.ஐ. வழியாகவோ அட்டை வழியாக இணையத்திலோ ஒரு வணிகர்க்குப் பணம் செலுத்துகையில், நம் கணக்கில் கழிந்தும் வணிகர்க்கு உறுதி கிட்டாவிடில், பரிமாற்ற நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால், அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. யு.பி.ஐ. வழியாக ஒருவர் மற்றொருவர்க்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிடில், வரம்பு ஒரே நாள். புகார் செய்யும் வரை காத்திராமல் இழப்பீட்டைத் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. வணிகர்க்குப் பணம் உறுதியாகக் கிடைத்தும் சீட்டு தரப்படாவிடில், திருப்பித் தர வேண்டியவர் அவ்வணிகரே.

ஆகவே, பயன்படுத்தும் நாம் செய்ய வேண்டியவை சில. பிழை தோன்றியவுடன் திரையிலுள்ள குறிப்பு எண், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மீண்டும் அழுத்துவதற்கு முன், 'என் முன்பதிவுகள்' போன்ற பக்கத்தையும் வங்கிக் கணக்கையும் பார்க்க வேண்டும். 4 எனத் தொடங்கும் எண் தெரிந்தால், நாம் நிரப்பியதையே மீண்டும் நோக்க வேண்டும். காத்திருப்பதால் பயன் இல்லை. 429 மட்டும் சற்றுப் பொறுத்தால் தீரும். 5 எனத் தொடங்கினால், சிறிது நேரம் கழித்து முயலலாம். நாள் கணக்கில் அதே எண் வந்தால், காத்திராமல் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

சொல்லும் மொழி

இறுதியாக மொழியைப் பற்றி ஒரு சொல். உலாவி அனுப்பும் வேண்டுகோளில், கேட்பவர் விரும்பும் மொழி எது என்னும் குறிப்பும் செல்லும். நிலை எண் எல்லா மொழிக்கும் ஒன்றே. வாசகத்தை மட்டும் அவரவர் மொழியில் தரலாம். கொச்சியிலோ சூரத்திலோ வாழும் தமிழ் மூதாட்டிக்கு அவர் படிக்கும் மொழியில் விளக்கம் தருவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

ஆயினும், பிழை வாசகங்கள் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வரும்போது, பெரும்பாலும் இடம் பொருள் ஏதுமின்றி ஒரு பட்டியலாகவே வருகின்றன. 400-இன் ஆங்கில வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கெட்ட வேண்டுகோள்' என்றாகும். ஏற்க முடியாத எழுத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை அவ்வாறே பெயர்த்தால் 'சட்டவிரோத எழுத்து' என்றாகும். முறையாகப் படிவம் நிரப்பிய ஒருவர், தாம் ஏதோ குற்றம் புரிந்துவிட்டதாகவே அஞ்சுவார். 'பெயரில் எண்களோ குறியீடுகளோ இடம்பெறக்கூடாது' என்பதே அங்கு வேண்டிய வாசகம். ஆகையால், விதிவிலக்கிற்குப் பெயரிடும் நிரலாசிரியரும் அதற்கு வாசகம் எழுதும் மொழிபெயர்ப்பாளரும் ஒருங்கே அமர்ந்து, இது எப்போது தோன்றும், தோன்றினால் கேட்டவர் செய்ய வேண்டியது யாது என்னும் இரண்டையும் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பிழையே நேராத அமைப்பை மனிதர் இதுவரை படைத்ததில்லை. அதனை எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. நேர்ந்த பிழையை விழுங்காமல் பதிவு செய்தல், கொட்டாமல் காத்தல், யார் பக்கம் திருத்தம் வேண்டும் என்பதை உண்மையாகச் சொல்லுதல், பாதியில் நின்றதைப் பழைய நிலைக்குக் கொணர்தல் ஆகிய நான்கும் இருந்தால், முன்மேசையில் ஒரு மனிதர் இல்லாத குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்குப் பெருஞ்செலவோ பெருங்கருவியோ வேண்டுவதில்லை. நிரல் எழுதுபவர், மறுமுனையில் ஒருவர் விடைக்காகக் காத்திருக்கிறார் என்பதை எண்ணி எழுதினாலே போதும்.